மலைக் கல்யாணத்தில் யார் காசு கொடுப்பது?

ஆல்ப்ஸ் மலைக் கிராமத்துக் கல்யாணங்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில். ஜெர்மனியில் பவேரியாவின் தென்பகுதி, ஆஸ்திரியாவில் டைரோல், சால்ஸ்பர்க் வழக்கங்களே பெரும்பாலும் வருகின்றன. பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு முறை மாறும் என்பதால், கல்யாண வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். மீஸ்பாக் பக்கத்துக் கிராமம் ஒன்றில் உடன் வேலை செய்யும் பெண்ணுக்குக் கல்யாணம். அழைப்பிதழின் அடியில் 'மால்கெல்ட்' என்று ஒரு தொகை போட்டிருக்கிறது. கூப்பிட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக் காசு கேட்பார்களா? அப்படியானால் மொய் வேண்டாமா?

கேட்பார்கள். அதில் அவர்களுக்குக் கூச்சமும் கிடையாது. மால்கெல்ட் என்றால் சாப்பாட்டுக் காசு. பவேரிய மலைக் கிராமங்களில் கல்யாண விருந்து ஊர் விடுதியில் நடக்கும். இலைக்கு இவ்வளவு என்று விடுதிக்காரர் விலை பேசியிருப்பார். அந்த விலையை அவரவர் கொடுத்துவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு மாடு வைத்திருக்கும் குடியானவர் ஊர் முழுவதற்கும் சோறு போட்டால் அந்த வருஷமே கடனில் போய்விடும். என் வீட்டுக் கல்யாணத்தில் உன் சாப்பாட்டுக்கு நீ கொடு, உன் வீட்டுக் கல்யாணத்தில் நான் கொடுக்கிறேன் என்ற ஏற்பாடு இது. கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள்.

மொய் இதில் சேராது. அதற்கு 'வைசன்' என்று தனிச் சொல்லே இருக்கிறது. அது மாலையில்தான் நடக்கும். ஹோஹ்ட்சைட்ஸ்லாடர் எனப்படும் கல்யாண அழைப்பாளர் (அவரைப் பற்றிப் பின்னால் வருகிறது) விருந்தினரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மணமக்கள் மேஜைக்குப் போய் இருவருக்கும் கை கொடுத்து, உறையைக் கொடுக்க வேண்டும். ஒரு கோப்பையை நீட்டுவார்கள். ஒரு வாய் குடித்தால் போதும். குடிக்காதவர் உதட்டில் வைத்து எடுத்தாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இதற்கு 'அப்டாங்கன்', அதாவது நன்றி சொல்லும் சடங்கு என்று பெயர். சாப்பிட்ட கையோடு கிளம்பிவிட்டு, பெயர் கூப்பிடும்போது இடம் காலியாக இருப்பதுதான் வெளியூர்க்காரர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

மால்கெல்ட்டையும் அன்பளிப்பையும் ஒரே உறையில் போடாதீர்கள். முன்னது விடுதிக் கணக்கில் போகிறது, பின்னது மணமக்களுக்கு. அன்பளிப்பு உறைக்குள் உங்கள் பெயரைத் தெளிவாக எழுதிவையுங்கள். யார் எவ்வளவு வைத்தார் என்று குறித்து வைத்து, திரும்பச் செய்கிற வழக்கம் அங்கேயும் உண்டு. பானங்களுக்குத் தனியாகக் கணக்கு எழுதும் விடுதிகளும் இருக்கின்றன. கையில் சில்லறை இருக்கட்டும்.

அழைப்பிதழில் மால்கெல்ட் இல்லையென்றால் செலவு மணமக்களுடையது. நகரத்தில் பெரும்பாலும் அப்படித்தான். அப்போது உறையில் வைக்கும் தொகை உங்கள் சாப்பாட்டு விலைக்குக் குறையாமல் இருப்பது மரியாதை.

இன்னொரு விஷயம்: தட்டில் இறைச்சி மிஞ்சினால் பழைய வழக்கப்படி அதைத் துணியில் முடிந்து வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். 'ப்ஷோட்' என்பார்கள். வயதானவர்கள், வர முடியாதவர்கள் வீட்டில் இருப்பார்களே, அவர்களுக்கான பங்கு அது. பக்கத்து நாற்காலிக்காரர் பொட்டலம் கட்டினால் வெறித்துப் பார்க்காதீர்கள்.

போன மாதம் ஒரு பவேரியக் கல்யாணத்தில், தொப்பியில் பூ வைத்த ஒருவர் கோலைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்து ஏதோ பாடினார். கூடமே சிரித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவமானப்படுத்தினாரா?

இல்லை, உங்களைக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார். அவர்தான் ஹோஹ்ட்சைட்ஸ்லாடர். ரிப்பன் கட்டிய நீளக் கோலோடு வீடு வீடாகப் போய் நேரில் அழைப்பது அவருடைய பழைய வேலை. கல்யாண நாளில் ஊர்வலத்தை ஒழுங்குபடுத்துவது, யார் எங்கே உட்கார்வது, எப்போது நடனம், எப்போது சாப்பாடு என்று நேரம் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

அவர் பாடியது 'க்ஷ்டான்ஸல்'. நாலே வரி, மூன்று தட்டுத் தாளம், கடைசி வரியில் குத்து. ஒரு ஆளுக்கு ஒன்றிரண்டு பாட்டு. நீங்கள் பஸ்ஸைத் தவறவிட்டது, கார் நிறுத்தத் திணறியது என்று சின்னச் சின்னக் குறும்புகளை மணமக்களின் நண்பர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருப்பார்கள். பாட்டு முடிந்ததும் வாத்தியக்காரர்கள் ஒரு சுற்று ஊதுவார்கள். அந்த இடைவெளியில் எழுந்து கோப்பையைத் தூக்கிக் காட்டினால் முடிந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அடுத்த பாட்டும் உங்களுக்கே வரும்.

கல்யாணம் உங்கள் வீட்டோடு சம்பந்தப்பட்டது என்றால், இரண்டு வாரம் முன்பே அவரிடம் எதையெல்லாம் தொடக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். முறிந்த முதல் கல்யாணம், வேலை போனது, குழந்தை இல்லாதது. நல்ல அழைப்பாளர் தானாகவே இவற்றைக் கேட்டுக்கொள்வார்.

என் தம்பி டைரோலின் ட்ஸில்லர்டால் பெண்ணைக் கல்யாணம் செய்கிறான். தேவாலய வாசலில் இருவரும் சேர்ந்து மரக்கட்டை அறுக்க வேண்டுமாம். ரம்பத்தைத் தொட்டதே இல்லாதவன். என்ன செய்ய வேண்டும்?

பலத்தைவிட முறைதான் இதில் முக்கியம். இரு முனையிலும் பிடி வைத்த நீளமான ரம்பம் அது. அதை இழுக்கத்தான் வேண்டும், தள்ளவே கூடாது. மணமகள் இழுக்கும்போது உங்கள் தம்பி பிடியை மட்டும் லேசாக வைத்துக்கொண்டு கையோடு விட்டுக்கொடுக்க வேண்டும். பிறகு அவன் இழுப்பான், அவள் விடுவாள். புதிதாகப் பிடிக்கும் ஆண்கள் எல்லோரும் உதவுவதாக நினைத்து எதிர்ப்பக்கம் தள்ளுவார்கள். தகடு மெல்லியது; தள்ளினால் நடுவில் வளைந்து, வெட்டுக்குள் சிக்கி நின்றுவிடும். கூட்டம் கைகொட்டிச் சிரிப்பது அந்த இடத்தில்தான்.

முதல் நாலைந்து இழுப்பு குட்டையாக, அழுத்தாமல். பட்டையில் ஒரு தடம் விழுந்த பிறகு ரம்பத்தின் முழு நீளத்தையும் பயன்படுத்துங்கள். மேலிருந்து அமுக்கவே வேண்டாம், ரம்பத்தின் எடையே வெட்டும். இருவரும் பிடியை ஒரே உயரத்தில் வைத்திருக்க வேண்டும். ஒருவர் தாழ்த்தினால் வெட்டு சாய்ந்து, பாதியில் இறுகும்.

தோல்வி பெரும்பாலும் கட்டையை வைக்கிற விதத்தில் தொடங்கும். அறுக்கும் இடம் மரக்குதிரையின் (கட்டையைத் தாங்கும் மரச்சட்டம்) இரண்டு கால்களுக்கு நடுவில் இருந்தால், பாதி அறுத்ததும் கட்டை நடுவில் தொய்ந்து ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். அறுக்கும் இடம் குதிரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போது துண்டு தன் எடையில் கீழே இறங்கும், வெட்டு தானாக விரியும். கட்டையின் மறு முனையை யாராவது அமுக்கிப் பிடிக்கட்டும், அல்லது கயிற்றால் கட்டிவிடுங்கள்.

கட்டை ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரமாக, 20 முதல் 25 சென்டிமீட்டர் குறுக்களவில் இருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். காய்ந்த பீச் மரத்தைக் கொண்டுவந்து வைக்கும் நண்பர்கள் உண்டு. அது இரும்பு மாதிரி. முடிச்சு இல்லாத இடமாகப் பார்த்து நீங்களே முதல் நாள் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிடுங்கள். ரம்பத்தைக் கூர்போடக் கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சுவரில் அலங்காரமாக மாட்டியிருந்த தாத்தா காலத்து ரம்பத்தை அப்படியே எடுத்துவருவது வாடிக்கை. வேடிக்கைக்காகக் கட்டையில் ஆணி அடித்துவைக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை, ரம்பத்தின் பற்கள்தான் போகும்.

கடைசியாக ஒன்று. பச்சை ஸ்ப்ரூஸ் பிசின் விடும். வெள்ளை உடையில் ஒட்டினால் தண்ணீரில் போகாது. கட்டையின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு, வெட்டும் இடத்தை மட்டும் திறந்து வைக்கச் சொல்லுங்கள். மணமகளுக்கு ஒரு ஏப்ரனும் தயாராக இருக்கட்டும்.

மணமகளைக் கடத்துவார்கள் என்கிறார்களே, உண்மையா? மீட்கிற செலவு யாருடையது?

உண்மைதான். பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் இன்றும் நடக்கிறது. பிற்பகல் காபியும் கேக்கும் முடிந்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன் கிடைக்கும் நேரத்தில் நண்பர்கள் மணமகளைப் பக்கத்து மதுக்கடைக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். பாட்டு, ஒயின், இருக்கிற வாத்தியக்காரர்களில் சிலரும் கூடவே. மணமகன் தேடிக் கண்டுபிடித்து வர வேண்டும். அவர் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்து, ஏப்ரன் கட்டிவிட்டு, விறகுக்கட்டையில் முழந்தாளிட வைப்பதும் உண்டு. இனிப் பாத்திரம் கழுவுவேன், குழந்தைக்குத் துணி மாற்றுவேன் என்று எல்லோர் முன்னும் சொன்ன பிறகுதான் பெண் கிடைப்பாள்.

அதுவரை குடித்ததற்கான பில்தான் சண்டைக்கு வித்து. சில ஊர்களில் மணமகன் கட்டுவார். சில இடங்களில் சாட்சிக்காரர், அதாவது மணமகளைக் காவல் காக்கத் தவறியவர் கட்ட வேண்டும். இதைக் கல்யாணத்துக்கு முன்பே பேசி முடிவுசெய்து, கடைக்காரரிடமும் ஒரு வரம்பு சொல்லிவிட வேண்டும். இத்தனை பாட்டில் வரை, அதற்கு மேல் கேட்பவர் சொந்தக் காசில் என்று. சொல்லாமல் விட்ட இடங்களில் ஷாம்பெயின் ஓடும்.

ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. அதற்கு மேல் போனால் கூடத்தில் மிச்சமிருக்கும் பெரியவர்கள் இசையும் இல்லாமல், மணமக்களும் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சமையலறையில் இறைச்சி உலர்ந்துகொண்டிருக்கும். இன்று விவரமானவர்கள் அதே விடுதியின் கீழ்த்தளத்திலோ, நடந்து போகும் தூரத்திலோதான் கடத்துகிறார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா இரண்டிலும் ஓட்டுநருக்கு ரத்தத்தில் மதுவின் வரம்பு ஆயிரத்துக்கு 0.5 என்பதால், மலைச்சாலையில் கார் எடுத்துக் கடத்துவது வேண்டவே வேண்டாம். மணமகளுக்கு விருப்பம் இல்லையென்றால் முன்னாலேயே சொல்லிவிடலாம், சொன்னால் விட்டுவிடுவார்கள்.

சமையற்காரம்மா கையில் கட்டுப் போட்டுக்கொண்டு கரண்டியை நீட்டினார். பாவம், 10 யூரோ கொடுத்தேன். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார்.

கையில் காயம் எதுவும் இருந்திருக்காது. உங்களுக்குச் சமைத்ததில் கை சுட்டுவிட்டது என்று நடிப்பது பழைய விளையாட்டு. கரண்டியில் விழுவது சமையலறை ஆட்களுக்கான அன்பளிப்பு. ஒன்றிரண்டு யூரோ நாணயம் போதும். நீங்கள் கொடுத்ததும் வீண் போகவில்லை.

என்ன உடுத்திக்கொண்டு போவது? டிர்ண்டல் வாங்கலாமா?

டிர்ண்டல், அதாவது பாவாடையும் ஏப்ரனும் சேர்ந்த பெண்களின் பாரம்பரிய உடை, கட்டாயம் இல்லை. நல்ல சாதாரண உடையும் நம் பட்டும் தாராளமாக ஏற்கப்படும். வாங்குவதானால் பீர் திருவிழாவுக்கு விற்கிற பளபளப்பான குட்டைப் பாவாடை மட்டும் வேண்டாம். தேவாலயத்துக்கு முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை. ஆண்களுக்குக் கட்டம் போட்ட சட்டையைவிட வெள்ளைச் சட்டையும் கம்பளிக் கோட்டும் பொருந்தும். ஏப்ரன் முடிச்சு அணிந்தவரின் இடப்பக்கம் இருந்தால் கல்யாணம் ஆகாதவர், வலப்பக்கம் இருந்தால் ஆனவர் என்று சொல்வார்கள். இது அவ்வளவு பழைய வழக்கமல்ல. ஆனாலும் இன்று எல்லோரும் அதைப் படிக்கிறார்கள் என்பதால் சரியான பக்கத்தில் கட்டிக்கொள்ளுங்கள்.

மீஸ்பாக், டேகர்ன்ஸே பக்கங்களில் பெண்கள் சிலர் கறுப்பு அல்லது அடர்நிறப் பட்டில் இறுக்கமான 'ஷால்க்' அணிந்து வருவார்கள். அது மணமான பெண்களின் விழா உடை. விருந்தாளி வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொள்கிற சமாச்சாரம் அல்ல. தொப்பியில் தூரிகை மாதிரி நிற்கிற 'கம்ஸ்பார்ட்'டும் அப்படித்தான். ஆட்டுத்தாடி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஷாமுவா என்ற மலை ஆட்டின் முதுகுத்தண்டில் குளிர்காலத்தில் வளரும் முடி அது. ஒவ்வொன்றாகக் கட்டிச் செய்வதால் விலை எகிறும். இரவல் கேட்காதீர்கள்.

வாசலில் உங்கள் சட்டையில் ஒரு ரோஸ்மேரிக் கிளையைக் குத்தினால், இரவு வரை எடுக்க வேண்டாம். கல்யாணக் கூட்டத்தின் அடையாளம் அது.

விடியற்காலை 5 மணிக்கு வெடிச் சத்தம். பாறைகள் எதிரொலித்தன. எதற்காக?

மணமகளை எழுப்ப. துப்பாக்கி மாதிரி கையில் பிடித்து வெடிக்கும் 'பொல்லர்' அது. குண்டு கிடையாது, கருமருந்தின் சத்தம் மட்டும். ஜெர்மனியில் இதற்கு வெடிமருந்துச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். கருவியையும் 5 ஆண்டுக்கு ஒருமுறை சோதனை முத்திரைக்குக் கொடுக்க வேண்டும். சும்மா ஆர்வத்தில் ஒருவர் செய்துவிட முடியாது.

வெடித்தவர்களுக்குக் காலைச் சாப்பாடு மணமகள் வீட்டார் பொறுப்பு. பவேரியாவில் வெள்ளைத் தொத்திறைச்சி, இனிப்புக் கடுகு, ப்ரெட்சல். தொத்திறைச்சியைக் கொதிக்க விட்டால் தோல் வெடித்துவிடும். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, அதில் போட்டு 10 நிமிடம் மூடி வைத்தால் சரி.

ஆல்ப்ஸில் தேவாலயக் கல்யாணம் மட்டும் செய்தால் சட்டப்படி செல்லுமா?

எந்த நாடு என்பதைப் பொறுத்தது, எல்லைக்கு எல்லை மாறும். ஜெர்மனியில் 1876 முதல் பதிவு அலுவலகக் கல்யாணம்தான் சட்டக் கல்யாணம். அதற்கு முன் தேவாலயத்தில் நடத்தக் கூடாது என்ற தடை 2009-இல் போனது. ஆனாலும் தேவாலயக் கல்யாணம் மட்டும் சட்ட உரிமை எதையும் தராது. ஆஸ்திரியாவில் 1938 முதல் அதே நிலை. சுவிட்சர்லாந்தில் பதிவுக்கு முன் மதச் சடங்கு நடத்தவே கூடாது. தெற்கு டைரோல் இத்தாலியில் இருப்பதால் அங்கே கதை வேறு: 1929-இல் வத்திக்கானோடு செய்த உடன்படிக்கைப்படி கத்தோலிக்கக் கல்யாணத்தைப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டால் அதுவே சட்டப்படி செல்லும். ஆஸ்திரிய-இத்தாலிய எல்லையில் இருக்கும் பிரென்னர் கணவாய்க்கு வடக்கே இரண்டு சடங்கு, தெற்கே ஒன்று.

பழைய மலைக் கல்யாணங்கள் குளிர்காலத்திலேயே நடந்ததாகப் படித்தேன். பனியில் யார் கல்யாணம் வைப்பார்கள்?

வேறு எப்போது வைப்பது? ஜூனில் மாடுகள் மேல்மலைப் புல்வெளிக்குப் போகும், செப்டம்பரில் இறங்கும். நடுவில் வைக்கோல் வேலை. ஆள் ஒழிவதே இல்லை. தேவாலய நாட்காட்டியோ கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் கொண்டாட்டத்தை அடைத்துவிடும். நவம்பர் 25, கத்ரீன் திருநாளோடு நடனம் நிற்கும் என்பது பழமொழி. ஆகவே மிச்சம் நவம்பர் முற்பகுதியும், ஜனவரி 6-க்கும் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கும் இடைப்பட்ட வாரங்களும்தான். தெற்கு டைரோலில் காஸ்டெல்ரூத் கிராமத்தில் ஜனவரியில் குதிரை பூட்டிய பனிவண்டிகளில் பழைய குடியானவர் கல்யாண ஊர்வலத்தை நடித்துக் காட்டுகிறார்கள். அது காட்சிதான், கல்யாணம் அல்ல. ஆனால் உடைகள் அசல். இப்போது எல்லோரும் வைப்பது மே முதல் அக்டோபர் வரை, சனிக்கிழமையில்.

கல்யாணம் செய்ய அனுமதிக்கப்பட்டவர்களே அப்போது குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டைரோலில் 1820 முதல் ஏறக்குறைய 100 ஆண்டுகள், சொத்தில்லாதவர் மணம் முடிக்க ஊராட்சியின் சம்மதம் தேவைப்பட்டது. கூலியாளும் வேலைக்காரியும் கேட்டால், நாளை இவர்கள் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது என்று மறுத்துவிடலாம். பண்ணையைப் பிரிக்காமல் ஒரே வாரிசுக்குக் கொடுக்கும் வழக்கமும் சேர்ந்துகொள்ள, அண்ணனுக்குக் கல்யாணம், தம்பிக்கு ஆயுள் முழுக்கத் தொழுவம் என்று ஆனது. மணமகளின் சீர் வண்டி அவ்வளவு பகட்டாக ஊரைச் சுற்றி வந்ததற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். கட்டில், அலமாரி, துணிச் சுருள், கைராட்டை, தொட்டில், பின்னால் பூச்சூடிய பசு என்று வரிசையாக வருவதைப் பார்த்தாலே, இந்த வீட்டில் குடும்பம் நடத்த வக்கிருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

வழியில் கயிறு கட்டி மறிக்கிறார்கள். காரை விட்டு இறங்கவா, வேண்டாமா?

இறங்கித்தான் ஆக வேண்டும். சீர் வண்டியை மறித்துச் சுங்கம் வாங்கிய பழக்கத்தின் மிச்சம் அது. சிறுவர்கள் என்றால் நாணயமும் மிட்டாயும், பெரியவர்கள் என்றால் ஒரு பாட்டில். முன் காரில் போகிறவரிடம் 1, 2 யூரோ நாணயங்களாக ஒரு பை கொடுத்துவையுங்கள். மணமகன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நிற்கும்போதுதான் தேவாலய மணி அடிக்கும். ஊர்த் தெருவில் மறிப்பது சரி, பிரதான சாலையில் கூடாது.

ஸ்லோவேனியாவின் மலைப்பக்கம் இதற்கு 'ஷ்ராங்கா' என்று பெயர். அங்கே மறிப்பவர்கள் பெண்ணின் ஊர் இளைஞர்கள். மணமகன் கட்டை அறுத்து, புல் அரிந்து காட்டி, பேரம் பேசிப் பணம் கொடுத்த பிறகே பெண்ணைக் கூட்டிப்போகலாம். முக்காட்டோடு முதலில் வேறொருத்தியை அனுப்பி ஏமாற்றுவதும் உண்டு. தொகையை மாப்பிள்ளைத் தோழன் முன்கூட்டியே ரகசியமாகப் பேசி வைத்திருப்பான். வாசலில் நடப்பது அதன் நாடகம்.

நண்பர்கள் வீட்டு முன்னால் ஒரு கம்பத்தை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எப்போது எடுக்கலாம்?

அவர்கள் வந்து எடுக்கும் வரை எடுக்காதீர்கள். அது கல்யாண மரம். ஓராண்டுக்குள் வீட்டில் குழந்தை இல்லையென்றால் நட்டவர்களுக்கு ரொட்டி, குளிர் இறைச்சி, பீரோடு விருந்து வைக்க வேண்டும். குழந்தை பிறந்துவிட்டாலும் அவர்கள் வரத்தான் போகிறார்கள், அதைக் கொண்டாட. ஆகவே ஒரு பீப்பாய்க்கான காசை இப்போதே ஒதுக்கிவையுங்கள். காற்றில் ஆடுகிறதா என்று கம்பத்தின் அடியை மட்டும் மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்; மழைக்குப் பிறகு ஆப்பு தளரும்.